அறிவுள்ள மாயப்பொருள்: வடிவமைப்பும் விலையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேசும் வாள், பிடிவாதம் பிடிக்கும் மோதிரம், முன்பு யாரிடம் இருந்தோம் என்பதை மறக்காத கேடயம். டேபிள்டாப் ஃபேன்டசி ஆட்டங்களில் கேம் மாஸ்டர்கள் (ஆட்டத்தை நடத்துபவர்கள்) ஆசையோடு உருவாக்குகிற பொருள்கள் இவை. பாதிக் கேம்பெய்னில் (பல அமர்வுகளாக நீளும் ஒரே கதையில்) என்ன செய்வதென்று தெரியாமல் விட்டுவிடுவதும் இவற்றைத்தான். அப்படி விடாமல் இருக்க உதவும் கேள்வி பதில்கள் கீழே இருக்கின்றன. தனியாகச் சொல்லாத இடங்களில் எல்லாக் கணக்கும் பாத்ஃபைண்டர் என்ற ஆட்டத்தின் முதல் பதிப்பு (2009) விதிப்படி. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 3.5 பதிப்புக்கும் ஐந்தாம் பதிப்புக்கும் தனிக் கேள்விகள் உண்டு.

அறிவுள்ள மாயப்பொருள் என்று எதைச் சொல்கிறோம்?

சாதாரண +1 வாள் (அடிக்கும்போது பகடை எண்ணோடு 1 கூட்டும் மாயவாள்) ஒரு கருவி. எடுத்தால் வெட்டும், வைத்தால் சும்மா கிடக்கும். அறிவுள்ள வாளுக்கோ புத்தி, விவேகம், ஆளுமை (கரிஸ்மா) என மூன்று மதிப்பெண்கள் இருக்கின்றன. அதற்கென்று அறச்சார்பு (நன்மை, தீமை போன்றவற்றில் எந்தப் பக்கம் என்பது) உண்டு, ஆசை உண்டு, கோபமும் வரும். விதிகள் அதை கன்ஸ்ட்ரக்ட் (செய்து உயிரூட்டப்பட்டது) வகை உயிரியாகவே நடத்தச் சொல்கின்றன. அதாவது அது கேம் மாஸ்டர் நடத்தும் ஒரு கதாபாத்திரம். வீரரின் இடுப்பில் தொங்குகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இது புதிதாக வந்த யோசனை இல்லை. 1974-இல் வெளியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் முதல் பதிப்பிலேயே மாயவாள்களுக்கு அறிவும் ஈகோவும் இருந்தன.

எந்தப் பொருளுக்கு வேண்டுமானாலும் அறிவு கொடுக்கலாமா?

நிரந்தரமான பொருளுக்கு மட்டும்தான். ஒரே தடவையில் தீர்ந்துபோகும் மருந்து, ஸ்க்ரோல் (மந்திரச் சுருள்), சார்ஜ் குறைந்துகொண்டே வரும் வாண்ட் (மந்திரக்கோல்) ஆகியவற்றுக்கு விதிப்படி அறிவு கிடையாது. மாயப்பொருள்களில் நூற்றில் ஒன்றுக்கும் குறைவாகத்தான் இப்படி இருக்கும் என்றும் விதிநூல் சொல்கிறது. என் கருத்தில் ஒரு கேம்பெய்னுக்கு ஒன்று போதும். இரண்டாவது வந்துவிட்டால் இரண்டும் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்துவிடும், வீரர்கள் வேடிக்கை பார்ப்பார்கள்.

எல்லாரும் வாளுக்கே போகிறார்கள். வாள் ஒருவருக்கே சொந்தம், மற்ற மூவருக்கும் அதில் பங்கில்லை. குழு முழுவதற்கும் பொதுவான பொருளை யோசித்துப் பாருங்கள். லாந்தர், கப்பலின் நங்கூரம், வரைபடங்கள் வைக்கும் தோல் உறை என்று எதுவாகவும் இருக்கலாம். லாந்தரை யார் பிடிப்பது என்பதே ஒவ்வொரு குகை வாசலிலும் ஒரு பேச்சுவார்த்தை ஆகும்.

எதில் தொடங்குவது? சக்தியிலா, விலையிலா?

இரண்டிலும் இல்லை. அதற்கு என்ன வேண்டும் என்பதில் தொடங்குங்கள். சக்தியும் விலையும் அதற்குப் பின்னால்தான். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படித்துவிட்டுப் போவதாக இருந்தால் இந்தப் பதிலைப் படியுங்கள்.

பொதுவாக எழுதப்படும் ஆசை, “தீமையை அழிக்க வேண்டும்” என்பது. இதில் ஆட்டத்துக்கு எதுவும் கிடைக்காது. வீரர்களும் அதைத்தான் செய்யப்போகிறார்கள், வாள் வெறுமனே தலையாட்டும். நேர்மாறாக, “ஊரையெல்லாம் கொளுத்த வேண்டும்” என்று எழுதினால் முதல் நாளே வாளை ஆற்றில் எறிந்துவிடுவார்கள். அதற்காக அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

நல்ல ஆசை பெரும்பாலான நேரம் குழுவோடு ஒத்துப்போகும், முக்கியமான நேரத்தில் குறுக்கே நிற்கும். ஒரு உதாரணம்: மலைப்பாதையில் வணிகர்களுக்குக் காவல் போன வீரனுடைய வாள். ஒரு பனிப்புயலில் பின்தங்கிய ஒருவரை விட்டுவிட்டு அவன் முன்னே போனான். வாள் அதை மறக்கவில்லை. “வழியில் யாரையும் விட்டுவிட்டுப் போகக்கூடாது” என்பதுதான் இப்போது அதன் ஆசை. நல்லவர்களான உங்கள் வீரர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள். ஆனால் அவர்கள் துரத்தும் எதிரி அரை மணி நேரம் முன்னால் போய்க்கொண்டிருக்கிறான், பாதையோரத்தில் முன்பின் தெரியாத ஒரு விறகுவெட்டி கால் முறிந்து கிடக்கிறான். வாள் “நில்” என்கிறது. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இந்த வாளையே உருவாக்குகிறோம்.

ஆசையோடு இன்னும் இரண்டை எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று, அது எதை மறுக்கும். இந்த வாள் ஓடுபவரின் முதுகில் வெட்டாது. மற்றொன்று, அதற்கு என்ன தெரியாது. இருநூறு ஆண்டு புதைந்து கிடந்த வாளுக்கு இப்போதைய அரசன் யாரென்று தெரியாது. இடிந்துபோன பாலத்துக்கு அது உறுதியாக வழி சொல்லும். அறியாமையை எழுதாவிட்டால் வீரர்கள் எல்லாப் புதிருக்கும் விடையை வாளிடமே கேட்பார்கள், நீங்களும் சொல்லவேண்டி வரும்.

விலை எப்படிப் போடுவது?

முதலில் அறிவில்லாத வெறும் மாயப்பொருளின் விலை. ஆயுதமானால் கூடுதல் மதிப்பை அதே எண்ணால் பெருக்கி 2,000-ஆல் பெருக்க வேண்டும். +1 என்றால் 2,000 தங்கக்காசு, +2 என்றால் 8,000, +3 என்றால் 18,000. அதோடு மாஸ்டர்வொர்க் எனப்படும் உயர்ந்த வேலைப்பாட்டுத் தரத்துக்கு 300, ஆயுதத்தின் சொந்த விலை தனி.

அடுத்து, அறிவு கொடுப்பதற்கு மட்டும் 500. இதில் மூன்று மதிப்பெண்களும் 10-ஆக இருக்கும், 30 அடி வரை பார்க்கவும் கேட்கவும் முடியும், உணர்ச்சியை மட்டும் உரிமையாளருக்கு உணர்த்த முடியும். இவற்றுக்குத் தனி விலை இல்லை.

அதற்கு மேல் போவதற்கெல்லாம் காசு. ஒரு மதிப்பெண்ணை 12 ஆக்க 500, 14 ஆக்க 1,000, 16 ஆக்க 2,000, 18 ஆக்க 4,000. பேச்சுக்கு 500, மனத்தோடு பேசும் டெலிபதிக்கு 1,000. பார்வை 60 அடி என்றால் 200, 120 அடி என்றால் 400, இருளில் பார்க்க 500. எல்லா மொழியும் படிக்க 1,000. பார்க்காமலே உணரும் பிளைண்ட்சென்ஸ் மட்டும் ஒரேயடியாக 5,000.

கடைசியாகச் சக்திகள். முதல் லெவல் ஸ்பெல் (மந்திரம்) ஒன்று நாளுக்கு மூன்று முறை 1,200. இரண்டாம் லெவல் நாளுக்கு ஒருமுறை 2,400. மூன்றாம் லெவல் நாளுக்கு ஒருமுறை 6,000. ஒரு திறமையில் 5 ரேங்க் (தேர்ச்சிப் புள்ளி) 2,500, 10 ரேங்க் 10,000. தானாகக் கால் முளைத்து நடக்க 5,000, பறக்க 10,000.

முழுக் கணக்கோடு ஒரு உதாரணம் கிடைக்குமா?

மேலே சொன்ன மலைப்பாதை வாளையே எடுத்துக்கொள்வோம். “கடைத்துணை” என்று பெயர் வைப்போம்.

+1 நீள்வாள்: 2,315
அறிவு: 500
புத்தி 12: 500
ஆளுமை 14: 1,000
பேச்சு: 500
60 அடி பார்வை: 200
இருட்பார்வை: 500
சிறுகாயம் ஆற்றும் ஸ்பெல், நாளுக்கு மூன்று முறை: 1,200
எதிராளியின் எண்ணம் அறியும் திறமையில் 5 ரேங்க்: 2,500
மொத்தம்: 9,215 தங்கக்காசு

காயம் ஆற்றும் சக்தியும் ஆளறியும் திறமையும் அதன் கதையிலிருந்தே வந்தவை. வழியில் விழுந்தவரை எழுப்பவேண்டும், வழியில் சேருகிறவரை நம்பலாமா என்று தெரியவேண்டும். தீப்பிழம்பு வீசும் சக்தியும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது வேறொரு வாளுக்கு உரியது. சக்தியைப் பார்த்தே வாளின் குணம் தெரியவேண்டும்.

அட்டவணையில் இல்லாத சக்திக்கு என்ன விலை வைப்பது?

அட்டவணை எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிட்டால் இந்தக் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம். மாயப்பொருள் செய்வதற்கான பொதுச் சூத்திரம் இதுதான்: ஸ்பெல் லெவலைக் காஸ்டர் லெவலால் (ஸ்பெல் போடுபவரின் லெவலால்) பெருக்கி 2,000-ஆல் பெருக்கு. நாளுக்கு இத்தனை முறைதான் என்றால் வந்த தொகையை 5-ஆல் வகுத்து அந்த எண்ணிக்கையால் பெருக்கு.

போட்டுப் பாருங்கள். இரண்டாம் லெவல் ஸ்பெல்லுக்குக் குறைந்தபட்சக் காஸ்டர் லெவல் 3. 2 × 3 × 2,000 = 12,000; நாளுக்கு ஒருமுறை என்பதால் 2,400. மூன்றாம் லெவலுக்கு 3 × 5 × 2,000 = 30,000; ஐந்தில் ஒரு பங்கு 6,000. நான்காம் லெவல் நாளுக்கு மூன்று முறை என்றால் 33,600 வரும், அட்டவணையிலும் அதே 33,600 இருக்கிறது. திறமைக்கும் இப்படித்தான்: கூடுதல் மதிப்பை அதே எண்ணால் பெருக்கி 100-ஆல் பெருக்கினால் 5-க்கு 2,500, 10-க்கு 10,000. ஆகவே உங்களுக்கு 7 ரேங்க் வேண்டுமென்றால் 4,900. இரண்டாம் லெவல் ஸ்பெல் நாளுக்கு இரண்டு முறை என்றால் 4,800.

ஆனால் சூத்திரத்தை எல்லா ஸ்பெல்லுக்கும் கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடாது. அடுத்த அடிக்கு +20 தரும் ட்ரூ ஸ்ட்ரைக் முதல் லெவல் ஸ்பெல்தான். எப்போதும் இயங்கும்படி வைத்தால் சூத்திரம் 2,000 காசு என்கிறது. அந்த விலைக்கு அதை எந்த உலகத்திலும் கொடுக்க முடியாது, ஆட்டமே முடிந்துவிடும். விதிநூலும் சூத்திரத்தைத் தொடக்க மதிப்பீடாகத்தான் தருகிறது. அதே வேலையைச் செய்யும் வேறு பொருள் என்ன விலைக்குப் போகிறது என்று ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுங்கள்.

சண்டையில் வாள் தானாகவே ஸ்பெல் போடுமா? அதற்கு விலை கூட்ட வேண்டாமா?

போடும். மற்ற மாயப்பொருள்களை உரிமையாளர் இயக்கவேண்டும். அறிவுள்ள பொருள் தன் சக்தியைத் தானே இயக்கும், உரிமையாளரின் முறை வரும்போதே அதுவும் செயல்படும். அதாவது வீரர் வாளை வீசுகிறார், அதே சுற்றில் வாள் அவர் காயத்தை ஆற்றுகிறது.

அட்டவணை விலையில் பெரிய ஓட்டை இதுதான். சூத்திரம் கணக்கிடுவது, உரிமையாளர் தன் முறையைச் செலவழித்து இயக்கும் பொருளுக்கான விலையை. அறிவுள்ள பொருளில் அந்தச் செலவு இல்லை. சுற்றுக்கு இன்னொரு செயல் கிடைப்பது இந்த ஆட்டத்தில் எவ்வளவு பெரிய லாபம் என்று ஆடியவர்களுக்குத் தெரியும். நான் கடைப்பிடிப்பது: சண்டைக்கு நடுவில் பயன்படும் சக்தியானால் விலையை ஒன்றரை மடங்கு ஆக்குவேன். கடைத்துணையின் 1,200 அப்போது 1,800 ஆகும், மொத்தம் 9,815. ஆளறியும் திறமை போன்றவற்றுக்கு ஏற்றம் தேவையில்லை. ஒன்றரை மடங்கு விதிநூலில் உள்ளது இல்லை, என் மேசையின் வழக்கம். சின்ன ஸ்பெல்லுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. வேகம் கூட்டும் ஹேஸ்ட், மறையச் செய்யும் ஸ்பெல் போன்றவற்றில் தெரியும்.

ஈகோ என்றால் என்ன?

பொருளின் மனவலிமையைக் காட்டும் எண். பல அம்சங்களுக்கு ஈகோப் புள்ளி இருக்கிறது, அவற்றின் கூட்டுத்தொகைதான் ஈகோ. கடைத்துணைக்குப் பார்ப்போம். அடிப்படை வாளின் விலை 1,001-லிருந்து 5,000-க்குள் இருப்பதால் 1. புத்தி 12-க்கு 1, ஆளுமை 14-க்கு 2, ஸ்பெல்லுக்கு 1, திறமைக்கு 1. மொத்தம் 6.

உரிமையாளர் பொருளின் அறச்சார்புக்கோ நோக்கத்துக்கோ மாறாக நடந்தால் மோதல் வரும். அப்போது அவர் ஈகோ எண்ணுக்கு எதிராக வில் சேவ் (மனவுறுதியைச் சோதிக்கும் பகடை உருட்டல்) போடவேண்டும். வென்றால் அவர் சொல்வது நடக்கும், தோற்றால் பொருள் சொல்வது நடக்கும். ஒருநாள் வரை அல்லது அடுத்த பெரிய நெருக்கடி வரை இந்த நிலை நீடிக்கும்.

ஏழாம் லெவல் சண்டைக்காரர் ஒருவரின் வில் சேவ் +3 என்று வைத்துக்கொள்வோம். ஈகோ 6-க்கு எதிராக டி20-இல் (20 பக்கப் பகடையில்) 3 விழுந்தாலே போதும், பத்தில் ஒரு தடவைதான் தோற்பார். ஈகோ 10 ஆனால் பத்தில் மூன்று தடவை. 16 ஆனால் பத்தில் ஆறு தடவை, அப்போது யார் யாரை ஏந்தியிருக்கிறார்கள் என்றே சொல்ல முடியாது. 7 முதல் 12 வரை எனக்குப் பிடித்த எல்லை. வீரர் பயப்படுவார், ஆனால் தன் கதாபாத்திரம் தன் கையைவிட்டுப் போய்விட்டதாக உணரமாட்டார்.

ஈகோ 20-ஐத் தொட்டால் அந்தப் பொருள் எந்த மனிதரையும்விடத் தானே மேல் என்று நினைக்கும். அப்புறம் அதோடு ஒத்துப்போகாத ஒவ்வொரு பேச்சும் மோதல்தான். அப்படி ஒரு பொருளின் விலையும் மிக அதிகம். அதை வீரரிடம் கொடுக்காமல் வில்லனிடம் கொடுங்கள்.

தோற்றுப்போன வீரரிடம் பொருள் என்னவெல்லாம் கேட்கலாம்?

விதிநூலில் பெரிய பட்டியலே உண்டு. பிடிக்காத நண்பரை விலக்கச் சொல்லலாம். மற்ற மாயப்பொருள்களைக் கைவிடச் சொல்லலாம். போகும் திசையை அதுவே முடிவு செய்யலாம், தன்னை இன்னும் தகுதியான ஒருவரிடம் ஒப்படைக்கச் சொல்லலாம். முற்றிவிட்டால் சண்டை நடுவே கையிலிருந்து நழுவி விழும், அடிக்க மறுக்கும், உரிமையாளரையே தாக்கும்.

சிறியதிலிருந்து தொடங்குங்கள். முதல் தடவையே உரிமையாளரை வெட்டும் வாளோடு யாராலும் நட்பாக முடியாது. “அந்த விறகுவெட்டிக்கு ஒரு கட்டுப் போட்டுவிட்டுப் போகலாம்” என்பது போதுமான கோரிக்கை. மறுத்தால் அன்று காயம் ஆற்றாது. மூன்றாவது நான்காவது மறுப்பில்தான் பெரிய தண்டனை.

குணம் தொந்தரவானது, ஈகோ அதிகம். அதற்காக விலையைக் குறைக்கலாமா?

கூடாது. வீரர்கள் தங்களுக்கென்று பொருள் செய்யும்போது அடிக்கடி வரும் பேரம் இது. “என் மோதிரம் ரொம்பக் கோபக்காரி, அதனால் பாதி விலைக்குத் தாருங்கள்” என்பார்கள். இரண்டு காரணங்களுக்காக நான் மறுப்பேன்.

முதலாவது, விதிகளின் போக்கே அப்படி. சிறப்பு நோக்கத்துக்காக மட்டும் இயங்கும் சக்தியாக நான்காம் லெவல் ஸ்பெல்லைக் கணக்கில்லாமல் போடவைக்க அட்டவணை 56,000 கேட்கிறது. 4 × 7 × 2,000 = 56,000, கட்டுப்பாடே இல்லாத பொருளுக்கும் இதே விலைதான். நோக்கத்துக்கு மட்டுமே பயன்படும் என்பதற்காக ஒரு காசுகூடக் குறைக்கவில்லை.

இரண்டாவது, தொந்தரவு ஆட்டத்தில் நிஜமாகவே வருமா என்பது உங்கள் கையில் இருக்கிறது. தள்ளுபடி முதல்நாளே கிடைத்துவிடும். கோபமோ நீங்கள் மறக்காமல் நடித்தால்தான் வரும். நான்கு வாரம் மறந்துவிட்டால் வீரருக்கு மலிவான மோதிரம் மட்டும் மிஞ்சும்.

குறிப்பிட்ட வகுப்பினரோ (கதாபாத்திரத்தின் தொழில்வகை) குறிப்பிட்ட அறச்சார்பு உடையவரோ மட்டும் பயன்படுத்தலாம் என்றால் 30 விழுக்காடு குறைக்கும் பொதுவிதி இருக்கிறதே என்று கேட்பார்கள். உண்மைதான். ஆனால் அறிவுள்ள எல்லாப் பொருளுக்கும் ஏற்கெனவே அறச்சார்பு இருக்கிறது. அதை வைத்து இன்னொரு தடவை தள்ளுபடி கேட்பது நியாயமில்லை. பாலடின் (புனிதப் போர்வீரர்) செய்யும் வாளைப் பாலடின் மட்டும் ஏந்தலாம் என்பதும் அவருக்கு எந்த இழப்பும் இல்லாத கட்டுப்பாடு.

அறச்சார்பு ஒத்துப்போகாதவர் எடுத்தால்?

தொட்டவுடன் ஒரு நெகட்டிவ் லெவல் (எடுத்தவரைப் பலவீனமாக்கும் தண்டனை). ஈகோ 20 முதல் 29 வரை என்றால் இரண்டு, 30 அல்லது அதற்கு மேல் என்றால் மூன்று. கையில் இருக்கும்வரை எந்த ஸ்பெல்லாலும் நீக்க முடியாது, கீழே வைத்தால் போய்விடும். குழுவில் இருப்பவர்களின் அறச்சார்பைப் பார்க்காமல் பொருளை வடிவமைத்துவிடாதீர்கள்.

சிறப்பு நோக்கம் எப்போது கொடுக்கலாம்?

ஆசையும் சிறப்பு நோக்கமும் வேறுவேறு. ஆசை எல்லாப் பொருளுக்கும் வேண்டும், அதற்குக் காசு கிடையாது. சிறப்பு நோக்கம் விதிகளில் வரும் ஒரு அம்சம். ஒரு இனத்தைக் காப்பது, ஒரு தெய்வத்தின் அடியார்களை அழிப்பது, மாயவித்தைக்காரர்களைக் கொல்வது போன்றவை அதில் வரும். ஈகோ 2 கூடும், அதற்கென்று தனிச் சக்தியும் சேரும். 60 அடிக்குள் இருக்கும் தன் எதிரியை உணர 10,000. தாக்குதலுக்கும் மற்றச் சோதனைகளுக்கும் +2 அதிர்ஷ்டம் சேர்க்க 80,000. அந்தச் சக்தியை எப்போது இயக்குவது என்பதைப் பொருள்தான் முடிவு செய்யும். உரிமையாளர் மோதலில் வென்றிருந்தாலும் அது மறுக்கலாம்.

கேம்பெய்னின் மையமே அந்த நோக்கம்தான் என்றால் மட்டும் கொடுங்கள். டிராகனே வராத கதையில் டிராகன் கொல்லும் வாள் ஒவ்வொரு வாரமும் முணுமுணுத்துக்கொண்டிருக்கும்.

எந்த லெவலில் வீரர்களிடம் கொடுப்பது?

பாத்ஃபைண்டரில் ஒரு கதாபாத்திரத்தின் மொத்தச் சொத்து ஆறாம் லெவலில் 16,000, ஏழாம் லெவலில் 23,500, எட்டில் 33,000, பத்தில் 62,000 என்று அளவு வைத்திருக்கிறார்கள். ஒரே பொருள் அதில் பாதியைத் தாண்டக்கூடாது என்பது நல்ல எல்லை. கடைத்துணை 9,215 என்பதால் ஏழாம் லெவலில் சரியாகப் பொருந்தும்.

ஆனால் எனக்கு இன்னொரு வழி பிடிக்கும். மூன்றாம் லெவலிலேயே வாளைக் கொடுங்கள், தூங்கும் நிலையில். முதலில் உணர்ச்சி மட்டும் வரட்டும். வழியில் யாரையாவது காப்பாற்றியபிறகு முதல் சொல் வரட்டும். அப்புறம் பார்வை, அப்புறம் ஸ்பெல். ஒவ்வொன்றும் விழிக்கும்போது அதன் விலையை அந்த வீரரின் புதையல் பங்கில் கழித்துக்கொள்ளுங்கள். வீரரும் வாளும் சேர்ந்து வளர்ந்ததுபோல் இருக்கும், கணக்கும் பிசகாது.

வீரர்களே செய்ய முடியுமா?

காஸ்டர் லெவல் 15 இருந்தால் முடியும். செலவு மாயப்பகுதியின் பாதி விலை: கடைத்துணைக்கு 8,900-இல் பாதி 4,450, மாஸ்டர்வொர்க் வாளுக்கு 315, மொத்தம் 4,765. ஆயிரம் காசுக்கு ஒருநாள் வேலை. அறச்சார்பு செய்தவருடையதே. மற்ற குணங்களை நான் அவரிடம் விடுவதில்லை. பெற்ற பிள்ளையின் குணத்தைத் தீர்மானிக்க யாராலும் முடியாது. ஆசையைக் கேம் மாஸ்டர்தான் எழுதவேண்டும்.

3.5 பதிப்பில் கணக்கு வேறா?

வேறு. அங்கே தனித்தனி விலை இல்லை, மொத்தத் தொகுப்புகள்தான். கீழ்மட்டத் தொகுப்பு +1,000: இரண்டு மதிப்பெண்கள் 12, ஒன்று 10, ஒரு சிறு சக்தி, உணர்ச்சி மட்டும். உச்சம் +15,000: இரண்டு மதிப்பெண்கள் 19, நான்கு சிறு சக்தி, மூன்று பெருஞ்சக்தி. பாத்ஃபைண்டரில் இரண்டு 19-க்கு மட்டுமே 10,400 ஆகிவிடும் என்பதைப் பார்த்தால் 3.5 தொகுப்புகள் மிக மலிவு. 3.5 ஆடினாலும் விலைக்குப் பாத்ஃபைண்டர் முறையைப் பயன்படுத்தச் சொல்வேன்.

ஐந்தாம் பதிப்பில்?

2014 விதிநூலில் சூத்திரமே கிடையாது, அரிதுத்தன்மைதான் விலை. அன்காமன் 101 முதல் 500 வரை, ரேர் 501 முதல் 5,000 வரை, வெரி ரேர் 5,001 முதல் 50,000 வரை, லெஜண்டரி அதற்கு மேல். அறிவுக்கென்று தனியாக எதுவும் கூட்டுவதில்லை. புத்தி, விவேகம், ஆளுமைக்கு நான்கு பகடை உருட்டிச் சிறியதை விட்டுவிட வேண்டும்.

ஈகோவும் இல்லை. மோதல் வந்தால் உரிமையாளரும் பொருளும் எதிரெதிராகக் கரிஸ்மா சோதனை போடவேண்டும். உரிமையாளர் தோற்றால் பொருள் கோரிக்கை வைக்கும். அதை மறுத்தால் தன் சக்தியை அடக்கிவைக்கும் அல்லது அவரைக் கட்டுப்படுத்தப் பார்க்கும். கட்டுப்படுத்தப் பார்த்தால் உரிமையாளர் கரிஸ்மா சேவ் போடவேண்டும், இலக்கு 12-உடன் பொருளின் ஆளுமைக் கூடுதல். தோற்றால் கட்டுப்பாடு 12 பக்கப் பகடையில் விழும் எண் அளவு மணிநேரம் நீடிக்கும். அடிபட்டால் மறுபடி சேவ் உண்டு. கட்டுப்படுத்த முயன்றபின் அடுத்த விடியல்வரை மறுபடி முயல முடியாது.

இந்தப் பதிப்பில் நான் விலையே போடமாட்டேன். ஒருவர் மூன்று பொருள்களோடுதான் அட்யூன் செய்துகொள்ள (தன்னோடு மாயமாகப் பிணைத்துக்கொள்ள) முடியும். அந்த மூன்றில் ஓரிடத்தைக் கொடுப்பதே பெரிய விலை.

அறிவுள்ள பொருளை விற்கலாமா?

விதிப்படி எந்த மாயப்பொருளையும்போல் பாதி விலைக்கு விற்கலாம். ஆனால் பேசுகிற, பயப்படுகிற ஒன்றைக் கடைக்காரரின் பலகையில் வைப்பதை மேசையில் யாரும் சாதாரணமாகக் கடந்துபோகக் கூடாது. வாளிடம் கேட்கச் சொல்லுங்கள். யாரிடம் போக விரும்புகிறது என்று அதுவே சொல்லட்டும். அது ஒப்புக்கொள்ளும் வாங்குபவரைத் தேடிப்போவது நல்ல ஒரு சாகசம். வாளுக்குத் தெரியாமல் விற்றால், அது எல்லாவற்றையும் நினைவில் வைத்துக்கொண்டு வேறொருவர் கையில் திரும்பி வரும்.

நம் கதைகளில் முன்மாதிரி உண்டா?

விக்கிரமாதித்தன் சிம்மாசனத்தைவிட நல்ல பாடம் வேறில்லை. போஜராஜன் உட்காரப் போகும்போதெல்லாம் படியிலுள்ள ஒரு பதுமை தடுத்து, விக்கிரமாதித்தனின் பெருமையை ஒரு கதையாகச் சொல்லி, உனக்கு இந்தத் தகுதி உண்டா என்று கேட்கிறது. இப்படி 32 பதுமைகள். அவை போஜனோடு சண்டை போடுவதில்லை, அவன் மனத்தைக் கட்டுப்படுத்துவதும் இல்லை. முந்தைய உரிமையாளரோடு ஒப்பிடுவது மட்டுமே அவற்றின் ஆயுதம். பகடையே இல்லாமல் ஈகோ மோதல் நடத்த இதைப் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு சக்தியும் திறக்குமுன் பழைய உரிமையாளர் அதே நிலையில் என்ன செய்தார் என்று பொருள் சொல்லட்டும். வீரர் செயலால் பதில் சொல்லட்டும்.

வாளுக்குக் குரல் கொடுப்பது யார்? கேம் மாஸ்டரே செய்யவேண்டுமா?

கட்டாயமில்லை. உரிமையாளர் அல்லாத இன்னொரு வீரரிடம் கொடுத்துப் பாருங்கள். ஆசை, மறுப்பு, தெரியாதது மூன்றையும் ஒரு சீட்டில் எழுதித் தந்தால் போதும். தன் கதாபாத்திரம் மயங்கிக் கிடக்கும் சண்டையிலும் அவருக்குச் செய்ய வேலை இருக்கும். இரகசியம் நிறைந்த பொருளானால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பேச்சைச் சுருக்கமாக வைக்க வேண்டும். ஒரு காட்சியில் ஒரு தடவை பேசும் வாளைத்தான் எல்லாரும் காதுகொடுத்துக் கேட்பார்கள்.

வீரருக்கு இதில் விருப்பமே இல்லை, வெறும் +1 வாள் போதும் என்கிறார். என்ன செய்வது?

கேட்டதைக் கொடுங்கள். 2,315 காசு. கடைத்துணையை அதே குழுவில் பேச ஆசையுள்ள இன்னொருவர் எடுக்கட்டும். யாருமே எடுக்காவிட்டால் வழியில் சந்திக்கும் ஒரு காவலாளியின் இடுப்பில் அது இருக்கட்டும். எழுதிவைத்த ஆசையும் மறுப்பும் அங்கேயும் அப்படியே வேலை செய்யும்.